கற்றல் துணை ரோபோ

கற்றல் துணை ரோபோ என்பது தனியே கற்கும் மாணவருடன் பேசியும் சைகை காட்டியும் அவரைத் தொடர்ந்து படிக்கத் தூண்டும் சமூக ரோபோ ஆகும். இணையவழிக் கல்வியில் பாடம் கணினித் திரையிலேயே நடைபெறும். மேசை மீதுள்ள ரோபோ படிக்கும் நேரத்தை நினைவூட்டும், சரியான விடைக்குப் பாராட்டும், சோர்வுற்றால் ஓய்வெடுக்கச் சொல்லும்.

தேவை

திறந்த இணையப் படிப்புகளில் சேர்வோரில் சிறு பங்கினரே இறுதிவரை படிக்கின்றனர். ஆசிரியரின் பார்வையும் அருகில் அமர்ந்த நண்பரும் தரும் உந்துதல் வீட்டில் தனியே படிப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அதே சொற்களைத் திரையில் தோன்றும் ஓர் உருவமும் கூறலாம். அவ்வாறிருக்க உடல் எதற்கு என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

ஆய்வுகள்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2012 இல் வெளியிட்ட ஆய்வில் 100 பேர் கட்டப் புதிர்களை விடுவித்தனர். ஒரே வகையான அறிவுரை சிலருக்குக் குரலாக மட்டும், சிலருக்குத் திரையில் ரோபோவின் காணொளியாக, சிலருக்கு நேரில் இருந்த ரோபோ வழியாக வழங்கப்பட்டது. பயன்பட்டது கீப்பான் என்னும் ரோபோ. இரு பந்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போன்ற மஞ்சள் நிறப் பொம்மை, கைகால் கிடையாது. ஆயினும் அது நேரில் இருந்தபோது கற்றவர்களே புதிர்களை விரைவாக விடுவித்தனர்.

இதற்கு மாறான முடிவும் உண்டு. நெதர்லாந்தில் 194 சிறுவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கப்பட்ட ஆய்வில் (2019), பலகைக் கணினியுடன் நாவோ ரோபோவும் இருந்தவர்கள், கணினி மட்டும் இருந்தவர்களை விடக் கூடுதலாகக் கற்கவில்லை. பாடம் முழுவதும் கணினியிலேயே நடந்ததால் ரோபோவுக்கு அங்கு பெரிய வேலை இருக்கவில்லை என்பது ஒரு விளக்கம். இணையவழிப் படிப்புக்கும் இது பொருந்தும்.

புதுமை மங்குவது மற்றொரு சிக்கல். ஜப்பானியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆங்கிலம் பேசும் ரோபோவி இரு வாரங்கள் வைக்கப்பட்டது (முடிவுகள் 2004 இல் வெளியாயின). முதல் வாரம் சூழ்ந்து நின்ற மாணவர்களில் பலர் இரண்டாம் வாரம் விலகினர். விலகாமல் பழகியவர்களிடம் ஆங்கில முன்னேற்றம் காணப்பட்டது.

நிறுத்தப்படும் சேவைகள்

இத்தகைய ரோபோக்கள் பல, நிறுவனத்தின் வழங்கிகளைச் சார்ந்தே பேசுகின்றன. 2017 இல் விற்பனைக்கு வந்த ஜிபோ, நிறுவனம் மூடப்பட்டதால் 2019 இல் தன் திறன்களை இழந்தது. சிறுவர்களுக்கான மாக்ஸி ரோபோவைத் தயாரித்த எம்பாடிட் நிறுவனம் 2024 டிசம்பரில் மூடப்படுவதாக அறிவித்தபோது, தோழனின் பிரிவைக் குழந்தைகளிடம் எடுத்துச் சொல்லப் பெற்றோருக்கு ஒரு கடிதமும் தயாரிக்க நேர்ந்தது. பின்னர் மாக்ஸியைச் சொந்தக் கணினியிலிருந்து இயக்குவதற்கான திறமூல மென்பொருள் வெளியானது.