புண்ணும் பழியும்

என் அப்பாவின் மேல்வயிற்றில் நெடுக ஒரு தழும்பு இருந்தது. ஓசூர் சிப்காட்டில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். 1984இல் பெங்களூரில் அல்சருக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நோய்க்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு அவரது முன்கோபம். பெரியப்பாவுக்கு வேளை தவறிய சாப்பாடு. பாட்டிக்கோ, கேழ்வரகுக் களியை விட்டு அரிசிச் சோற்றுக்கு மாறியது. காரணங்கள் வேறு, குற்றவாளி ஒருவரே. அப்பா எதையும் மறுத்ததில்லை. 2001இல் இறக்கும்வரை அந்தப் புண்ணைத் தம் தவறாகவே எண்ணியிருந்தார்.

தென்னாட்டில் இந்த விசாரணை நீண்ட வரலாறு கொண்டது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், அன்றைய திருவிதாங்கூரின் நெய்யூரில் தங்கிப் பணியாற்றினார். அங்கே முன்சிறுகுடல் புண்ணோடு வந்தவர்களின் எண்ணிக்கை அவரை வியக்க வைத்தது. அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளியை நம்பிய திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்றவற்றுக்குப் புண் மிகுதியாக வந்தது. கோதுமை ரொட்டியும் பாலும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்றவை தப்பின.

பின்னர் மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் பகுதிகளில் நோய் கூடுதலாகவும், தீட்டாத கோதுமை, சிறுதானியம், பருப்பு உண்ணும் பகுதிகளில் குறைவாகவும் இருப்பதைக் கவனித்தார். அவரும் கூட்டாளிகளும் செய்த எலிச் சோதனைகளில், நம் கிருஷ்ணகிரிக் காடுகளில் விளையும் கொள்ளில் உள்ள கொழுப்புப் பொருள் இரைப்பையைக் காப்பதாகத் தெரிந்தது. பாட்டியின் வாதம் முற்றிலும் வெறுங்கதை அல்ல.

ஆனால் அரிசியும் கோபமும் அல்லாத இன்னொரு சாட்சி உள்ளேயே இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982இல் இரைப்பையின் அமிலத்துக்கு நடுவே வாழும் சுருள் வடிவ பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள். மருத்துவ உலகம் நம்பவில்லை. 1984இல், அப்பா அறுவை மேசையில் கிடந்த அதே ஆண்டில், மார்ஷல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1994இலேயே உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் சேர்த்துவிட்டது.

இருந்தும் கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் ஆவதில்லை. ஏன்? விடையை மரபணுக்களில் தேடினார்கள். 1997இல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 16 லட்சத்து 70 ஆயிரம் எழுத்துகள். அவற்றில் சுமார் 40 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி மற்றவற்றோடு நடையில் ஒட்டவில்லை. ஏடு படிப்பவர்கள் நடையைக் கொண்டு இடைச்செருகலை அடையாளம் காண்பது போலவே, அது வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்த இடைச்செருகலில் உள்ள 'காக்-ஏ' என்ற மரபணு உண்டாக்கும் புரதத்தை, ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாக இரைப்பைச் செல்லுக்குள் கிருமி செலுத்துகிறது. செல்லின் வடிவமும் ஒழுங்கும் குலைகின்றன. 'வாக்-ஏ' என்ற இன்னொரு மரபணுவின் நஞ்சு செல்லுக்குள் குமிழ்களை உண்டாக்குகிறது. மேலைநாடுகளில் இவை வீரியமாக உள்ள கிருமிகளைச் சுமப்பவர்க்குப் புண்ணும் புற்றும் வரும் ஆபத்து கூடுதல்.

நம் நாட்டில் கணக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. 2000இல் வெளிவந்த கல்கத்தா ஆய்வு, நோயாளிகளிடமும் நோயற்றவர்களிடமும் ஒரே அளவில் இந்த வீரிய மரபணுக்களைக் கண்டது. கொடிய ஆயுதம் எல்லார் வீட்டிலும் இருந்தது, காயம் சிலருக்கே. ஆகவே மரபணு மட்டும் தீர்ப்பு எழுதுவதில்லை. உடலின் எதிர்ப்புத் தன்மை, உப்பு, புகையிலை, உணவு எல்லாம் சேர்ந்தே எழுதுகின்றன.

இந்தக் கிருமி மனிதரோடு ஆப்பிரிக்காவிலிருந்தே நடந்து வந்தது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழமையான மனித உடலிலும் அது இருந்ததை 2016இல் கண்டறிந்தார்கள்; அதன் நெருங்கிய உறவினங்கள் இன்று மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் வாழ்கின்றன. பொதுவாக அது குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. அப்படியானால் அப்பாவுக்கும் அது ஒரே தட்டில் உண்ட சிறு வயதிலேயே வந்திருக்கக்கூடும். அவரைக் குற்றம் சாட்டிய ஒவ்வொருவர் வயிற்றிலும் அதே கிருமி இருந்திருக்கலாம்.

என் வகுப்பில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வரும் பையன்கள் இருக்கிறார்கள். சட்டைப்பையில் அமில மாத்திரை வைத்திருப்பார்கள். "நேரத்துக்குச் சாப்பிடறதில்ல சார், என் தப்புதான்" என்பார்கள். மாத்திரையோடு நிற்காமல் சோதித்துக்கொள், கிருமி இருந்தால் மருத்துவர் சொல்லும் மருந்தைப் பாதியில் விடாமல் இரண்டு வாரம் முழுக்கச் சாப்பிடு என்று சொல்கிறேன். உன் தப்பு மட்டும் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறேன். அப்பாவிடம் அதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.