கையிலிருந்து தோளுக்கு

1802 ஜூன் 14. பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் பெரியம்மைத் தடுப்பூசி முதன்முதலில் பலித்தது அந்தக் கையில்தான். அதுவரை ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய மருந்தெல்லாம் வழியிலேயே வெயிலில் வீரியம் இழந்தது. குளிரூட்ட வழியில்லாத காலம். ஆகவே மனித உடம்பையே பெட்டியாக்கினார்கள். ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளத்தில் நீரெடுத்து, அடுத்த குழந்தைக்குக் குத்துவது. அன்னாவின் கையில் தொடங்கிய அந்தத் தொடர் சென்னைக்கும் இலங்கைக்கும் நீண்டது.

அப்படிக் கொப்புள நீர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளின், ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள். புண் ஆறாத கையை மறுபடி கீறத் தாய்மார்கள் விடவில்லை. காலனிய அதிகாரிகள் அதை அறியாமை என்றார்கள். பின்னால் கன்றின் தோலில் அம்மைப்பால் வளர்த்தார்கள். கிண்டி கிங் நிறுவனம் அதைத் தயாரித்தது. பிள்ளைகளின் கைகள் விடுபட்டன.

1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்தது. குளிர்பதனச் சங்கிலி இப்போது கிடங்கு, வேன், ஆரம்ப சுகாதார நிலையம் என்று நீள்கிறது. கடைசிக் கண்ணி மட்டும் இன்னும் உடம்புதான். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவிலுள்ள பாபநாசத்தின் வயலோரக் கிராமங்களிலும் அந்தக் கண்ணி கிராம சுகாதார செவிலியர்.

அவருடைய பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி வரை குளிர் நிற்க வேண்டும். வெயில் மட்டுமல்ல, உறைபனியும் பகை. ஐஸ் பேக்கை எடுத்தவுடன் அடுக்கினால் பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி மருந்துகள் உறைந்து கெடும். குலுக்கினால் உள்ளே நீர் அலம்பும்வரை காத்திருந்து அடுக்குகிறார். குப்பியில் வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் ஒதுக்குகிறார். கரைத்த தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை.

இதில் ஒன்று தவறினாலும் குழந்தை வழக்கம்போல் அழும், அட்டையில் தேதி விழும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. தாய்க்கு அது தெரிய வழியில்லை. ஒரு பெண்ணின் கவனத்தை நம்பி இன்னொரு பெண் பிள்ளையை நீட்டுகிறாள்.

நம் பாடநூல்களில் ஜென்னர் இருக்கிறார். எத்தனை குப்பி வாங்கினோம், எத்தனை திருப்பினோம் என்று இந்தச் செவிலியர்கள் எழுதிய பதிவேடுகளும் அறிவியல் வரலாறுதான். பழைய காகிதமென்று எடைக்குப் போவதற்குள் அவற்றை நாம் படித்தாக வேண்டும்.