நாலரை அங்குலத்திலிருந்து: ஒரு காரின் சில்லுகள் அகன்ற கதை

போன மாரியில் நண்பன் ஒருவனின் அண்ணாவுடைய பழைய காரில் நாங்கள் நாலு பேர் போய்க்கொண்டிருந்தோம். அகலமான அலோய் றிம்மும் ரயரும் போட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. ஒரு முடக்கில் திரும்பேக்க பின்பக்கம் கரகர எண்டு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்காட்டின் உள்விளிம்பு ரயரின் தோளை வட்டமாகச் சீவியிருக்குது, உள்ளே நூல் தெரியுது. "ஆனா வடிவா இருக்குத்தானே?" எண்டார் அண்ணா. வடிவுதான். அந்த வடிவு எங்கயிருந்து வந்தது எண்டு தேடப்போய் எழுதியதுதான் இது. கலைப்பீடக்காரருக்கு ரயரில் என்ன வேலை எண்டு கேட்பீர்கள். ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்களும் ஒருவகை ஆவணம்தான். நாங்கள் அப்படித்தான் வாசித்தோம்.

தேடல் எங்களை ஜேர்மனிக்கு, போர்ஷே 911 காரிடம் கொண்டுபோய் விட்டது. 1963இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் அது 901 என்ற பெயரில் அறிமுகமானது. நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்கப் பெயர் தங்களுடையது என்று பிரான்சின் பேஜோ நிறுவனம் மறித்ததால் 911 ஆயிற்று. அந்த முதற் கார்களின் றிம் அகலம் நாலரை அங்குலம். ரயர் அகலம் 165 மில்லிமீற்றர். எங்கட ரோட்டில் ஓடும் சின்னக் குடும்பக் கார்களின் ரயரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

சிக்கல் என்னவென்றால், அந்தக் காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. மொத்த எடையில் ஏறத்தாழ 60 வீதம் பின்சில்லுகளின் மேல். முடக்கில் வேகமாகப் போகும்போது சாரதி பயந்துபோய் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னுக்குச் சாயும்; பின்ரயர்களின் பிடி தளரும்; பின்பக்கம் வெளியே வீசும். ஒரு சுத்தியலைத் தலைப்பக்கம் பின்னாலிருக்க எறிந்து பாருங்கோ, விளங்கும். பயத்தில் மனிசர் இயல்பாகச் செய்யும் அதே காரியம்தான் ஆபத்தைக் கொண்டுவந்தது.

நிறுவனம் முதலில் செய்த வைத்தியம் சிரிப்பு வரவைக்கும். முன் பம்பரின் இரு மூலைகளுக்குள்ளும் 11 கிலோ இரும்புக்கட்டி ஒவ்வொன்று. இலேசான ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறோம் எண்டு வெளிக்கிட்டவர்கள் கடைசியில் 22 கிலோ பாரத்தை ஒளித்து வைத்தார்கள்.

பிறகுதான் சில்லுகளின் பக்கம் திரும்பினார்கள். 1966இல் வந்த 911 எஸ், ஃபுக்ஸ் நிறுவனம் அடித்துச் செய்த அலுமினியக் கலப்புலோகச் சில்லுகளோடு வந்தது. ஐந்து இலைபோன்ற அந்த வடிவத்தை இன்றுவரை உலகம் முழுக்கப் பிரதி பண்ணுகிறார்கள். ஆனால் அதன் அகலமும் அதே நாலரைதான். அடுத்த ஆண்டு மாதிரியில் ஐந்தரை, அதற்கடுத்ததில் ஆறு. அகலம் மட்டும் போதவில்லை. 1969ஆம் ஆண்டு மாதிரிக்கு முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரத்தையே 57 மில்லிமீற்றர் நீட்டினார்கள். இந்த விபரம் முக்கியம்: றிம் அகன்றபோது அதோடு சேர்த்துக் காரின் உடம்பும் திருத்தப்பட்டது.

1972 ஒக்ரோபரில் பரிசில் காட்டப்பட்ட கரேரா ஆர்.எஸ். 2.7தான் எங்களுக்குப் பிடித்த இடம். முன்னுக்கு ஆறு அங்குல றிம்மில் 185 ரயர், பின்னுக்கு ஏழு அங்குல றிம்மில் 215. அதற்கு இடம்விட்டுப் பின் மட்காட்டையும் அகட்டினார்கள். முன்னும் பின்னும் ஏன் வேறு வேறு அளவு? பாரம் கூடிய பக்கத்துக்குப் பிடியும் கூட வேணும். அத்தோடு முன்ரயர் முதலில் பிடி இழந்தால் கார் வெளிப்பக்கம் அகலும், அவ்வளவே. காலை எடுத்தால் திரும்ப அடங்கும். பயந்த மனிசருக்கும் இடம் கொடுக்கும் ஏற்பாடு அது. பந்தய விதிக்காக 500 கார் விற்றால் போதும் என்றிருந்த இடத்தில் 1580 கார்கள் செய்தார்கள்.

பிறகு 1974இல் டர்போ. 260 குதிரைவலு, பின்னால் எட்டு அங்குல றிம். அகலம் கூடக் கூடக் கார் கூடிய வேகம்வரை ஒட்டிக்கொண்டே போகும். ஆனால் விட்டால் ஒரேயடியாக விட்டுவிடும். டர்போ பிந்தி வந்து திடீரென்று தள்ளும் காருக்கு இது நல்ல சேர்மானமில்லை. "விதவையாக்கி" என்று அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது.

1980களின் நடுவில்தான் கதை மாறுகிறது. டர்போ எஞ்சின் இல்லாத கரேராவுக்கு டர்போவின் அகன்ற உடம்பை மட்டும் மேலதிகக் காசுக்கு விற்றது நிறுவனம். டர்போவின் பிறேக்கும் கூட வந்தது எண்டதை நேர்மையாகச் சொல்லவேணும். ஆனால் எடையும் காற்றுத்தடையும் கூடிய அந்தக் காரைப் பலர் வாங்கியது பின்பக்கத்தைப் பார்த்துத்தான். குறையொன்றுக்குப் போட்ட மருந்து அலங்காரமாகிப் போனது. இன்று ஜப்பானின் சிபா மாகாணத்து நகாய் அகிரா, பழைய 911களின் மட்காட்டைத் தன் கையாலேயே அறுத்து, அகன்ற கவசங்களைப் பொருத்துகிறார். அந்த வெட்டைப் பார்க்க நெஞ்சு பதறும். ஆனாலும் அவர் முதலில் ரயருக்கு இடத்தை வெட்டுகிறார், பிறகுதான் சில்லைப் பூட்டுகிறார்.

அண்ணாவின் காரில் நடந்தது இதற்கு மறுவளம். றிம்மின் பூட்டும் தட்டு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவை, ஒவ்செற்றை, யாரும் பார்க்கவில்லை. சில்லு வெளியே தள்ளிநின்றது; நாலு பேர் ஏறக் கார் பதிந்தது; மட்காட் ரயரில் இருந்தது. இன்னொன்று: காற்றழுத்தம் மாறாவிட்டால் அகன்ற ரயர் நிலத்தில் கூடுதல் பரப்பைத் தொடுவதில்லை. தொடும் இடம் குறுக்கே நீண்டு நெடுக்கே சுருங்குகிறது. வெள்ளம் நிக்கிற ரோட்டில் அது மெல்லிய ரயரைவிடச் சுகமாக மிதக்கும். நாங்கள் போனது மாரியில்.

பழைய றிம்களை அண்ணா விற்கவில்லை. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கால் மூடிக் கிடந்தன. அடுத்த ஞாயிறு நாங்கள்தான் உருட்டிக்கொண்டு வந்து கழுவிக் கொடுத்தோம். அவற்றின் அகலத்தையும் அளந்து பார்த்தோம். நாலரை அங்குலம்.