கீழடிப் பானை ஓட்டில் ஒரு வேதியியல் பாடம்

அணு, தனிமம், சேர்மம், கலவை. பள்ளி வேதியியல் புத்தகத்தில் இந்த நான்கு சொற்களும் முதல் பாடங்களிலேயே வந்துவிடும். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு அத்தோடு மறந்து விடுகிறவர்களே அதிகம். ஆனால் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் தோண்டி எடுக்கப்பட்ட பொருட்களின் வயதைப் பற்றி நடந்து வரும் பெரிய வாதம், இந்த நான்கு சொற்களின் மேல்தான் நிற்கிறது.

மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. மத்திய தொல்லியல் துறையைச் சேர்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு முதலில் வைகைக் கரை நெடுக ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தது. அதில் ஒன்றான கீழடியில் 2014-15-ல் அகழாய்வு தொடங்கியது. 2017-18-ல் நடந்த நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை பணியை ஏற்று நடத்தி வருகிறது. செங்கல் கட்டடங்கள், உறை கிணறுகள், மணிகள், தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள் என்று ஆயிரக்கணக்கான பொருட்கள் வெளிவந்தன. எல்லாவற்றிலும் மிக அதிகமாகக் கிடைத்தவை பானை ஓடுகள்தான்.

களிமண் ஒரு கலவை

பானை செய்யும் மண் ஒரு கலவை. களிமண் கனிமங்கள், மணல், சுண்ணாம்பு, இரும்பு ஆக்சைடு எல்லாம் அதில் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு கைப்பிடி மண்ணில் உள்ள விகிதம் அடுத்த கைப்பிடியில் இருக்காது. கலவை என்பதால் அதைப் பிரிக்கவும் முடியும். குயவர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கல்லையும் பருமணலையும் அடியில் தங்க விட்டு, மேலே நிற்கும் நைசான களியை எடுப்பது இந்த முறையில்தான்.

கீழடியில் கிடைத்த செங்கல், கூரை ஓடு போன்றவற்றை வேலூர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆராய்ந்தபோது சிலிக்கா, சுண்ணாம்பு, இரும்பு, அலுமினியம், மக்னீசியம் ஆகியவை இருப்பது தெரிந்தது.

இந்தக் கலவை சூளைக்குள் போனதும் கதை மாறுகிறது. சூடு 500, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண் கனிமத்தின் அமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. வெயிலில் காய்ந்த பச்சைப் பானையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி களியாகிவிடும். சுட்ட பானை 2,000 ஆண்டு ஈர மண்ணில் கிடந்தாலும் களியாகாது. முன்னது இயற்பியல் மாற்றம், பின்னது வேதியியல் மாற்றம்.

சிவப்பும் கறுப்பும்

கீழடியில் கிடைத்தவற்றில் முக்கியமானவை கறுப்பு சிவப்புப் பானைகள். உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பாக இருக்கும். வெளியே கீழ்ப்பகுதி சிவப்பாக இருக்கும். ஒரே மண், ஒரே பானை, இரண்டு நிறம். இது எப்படி?

இதற்குக் காரணம் இரும்பு. இரும்பு என்பது தனிமம். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் சேர்மம். சூளையில் காற்று தாராளமாகக் கிடைக்கும் பக்கத்தில் ஃபெரிக் ஆக்சைடு உருவாகி மண் சிவக்கிறது. காற்று கிடைக்காத பக்கத்தில் ஆக்சிஜன் குறைந்த கருநிற இரும்பு ஆக்சைடு உருவாகிறது. அதோடு புகையின் கரியும் மண்ணின் நுண்துளைகளில் படிகிறது. பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே வைக்கோல், உமி போன்றவற்றை இட்டுச் சுட்டால் இந்த இரட்டை நிறம் வரும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஆக்சிஜன் என்ற பெயரே தெரியாத காலத்தில், காற்றை எங்கே விடுவது, எங்கே அடைப்பது என்பதை அந்தக் குயவர்கள் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கரியிலும் ஓர் அதிசயம் காத்திருந்தது. ஓடுகளின் உள்பக்கக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் ஆய்வாளர்கள் 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். இவை கார்பன் அணுக்கள் மட்டுமே வரிசையாக இணைந்து உண்டான மிக நுண்ணிய குழாய்கள். வைரமும் பென்சில் கரியும் போலவே இதுவும் கார்பன் என்ற ஒரே தனிமத்தின் வேறொரு வடிவம். குயவர்கள் இதைத் தெரிந்து செய்யவில்லை. பூசிய தாவரச் சாறும் சூளையின் கடும் வெப்பமும் சேர்ந்து உருவாக்கியிருக்கலாம் என்று அந்தக் கட்டுரை கருதுகிறது.

அணுக்களை எண்ணுதல்

இவை எவ்வளவு பழையவை? இதற்குப் பதில் அணுவில் இருக்கிறது. காற்றில் உள்ள கார்பனில் மிகப் பெரும்பகுதி கார்பன்-12. சுமார் ஒரு லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் கார்பன்-14 இருக்கிறது. இரண்டிலும் புரோட்டான்கள் 6தான். நியூட்ரான்கள் மட்டும் 6, 8 என்று வேறுபடும். மரம் உயிரோடு இருக்கும் வரை இரண்டையும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். இறந்த பிறகு புதிதாக எதுவும் சேராது. உள்ளே இருக்கும் கார்பன்-14 சிதைந்து, 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். 2,600 ஆண்டு பழைய கரியில் நூற்றுக்குச் சுமார் 73 பங்கு மிஞ்சியிருக்கும். இந்த முறையைக் கண்டறிந்த வில்லார்ட் லிபி 1960-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த 6 மாதிரிகள் அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் தமிழக அரசு இதை வெளியிட்டது. அதுவரை கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியே பேசப்பட்டு வந்த தமிழ் பிராமி எழுத்து, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது என்று அந்த அறிக்கை கூறியது.

வாதம் எங்கே?

இந்த இடத்தில் கவனம் தேவை. கார்பன்-14 சொல்வது மரம் இறந்த காலத்தை மட்டுமே. ஓட்டில் பெயர் கீறிய காலத்தை அது நேராகச் சொல்லாது. கரியும் ஓடும் ஒரே மண்ணடுக்கில் கலையாமல் கிடந்தன என்று காட்டினால்தான் ஒன்றின் வயது மற்றொன்றுக்குப் பொருந்தும். இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. சுமார் கி.மு. 800 முதல் 400 வரையிலான மரங்கள் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுவதால், அந்தக் காலத்துக்குத் துல்லியமான ஓர் ஆண்டைச் சொல்வது கடினம். அதனால் ஒரு மாதிரி போதாது, பல மாதிரிகள் வேண்டும்.

முதல் இரண்டு கட்டங்களைப் பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை தந்தார். திருத்தம் செய்யும்படி 2025 மே மாதம் மத்திய தொல்லியல் துறை அதைத் திருப்பி அனுப்பியது. மண்ணடுக்குகளையும் காலக்கணிப்பு முடிவுகளையும் காட்டி அவர் மாற்ற மறுத்தார். இதைப் பற்றி மேடைகளில் பேசியவர்கள் பலர். ஆனால் கார்பன்-14 அணுவுக்குக் கட்சி கிடையாது. அது எந்தத் தரப்புக்காகவும் வேகமாகவோ மெதுவாகவோ சிதையாது. எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் எடுத்தோம் என்பதை நேர்மையாகக் குறித்து வைப்பது மட்டுமே மனிதர் கையில் இருக்கிறது.

கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே போகும் மாணவர்கள் ஒரு கறுப்பு சிவப்பு ஓட்டின் முன் சற்று நேரம் நிற்கலாம். கலவை, சேர்மம், தனிமம், அணு நான்கும் அந்த ஒரே ஓட்டில் இருக்கின்றன.