விருத்தாசலம்: ஒரு ஆளோட பேர்

விருத்தாசலம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயில் ஜங்ஷன், கொலுவுக்கு வாங்கின பீங்கான் பொம்மை, கொஞ்சம் விவரமானவங்களுக்கு ஃப்யூஸ் கேரியர். எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஒரு ஆளோட பேர்.

விருத்தம் என்றால் முதியது. அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. அருணாசலம், வேங்கடாசலம் எல்லாம் இதே வார்ப்புதான். தேவாரம் இந்த ஊரைத் திருமுதுகுன்றம் என்று பாடுகிறது. முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம், விருத்தகிரி நாலுக்கும் பொருள் ஒன்றே. ஊருக்கு வடமொழிப் பேர் நின்றுவிட்டது. தமிழ்ப் பேர் சாமிகிட்டயும் மனுஷங்ககிட்டயும் தங்கிடுச்சு. கோயில் மூலவர் இன்றும் பழமலைநாதர். 'சனங்களின் கதை' எழுதிய கவிஞர் த. பழமலய் பேரைக் கேட்டிருப்பீங்க. இத்தனைக்கும் ஊருக்குள்ள போனா கண்ணுக்கு மலையே தெரியாது! மலைகளுக்கெல்லாம் மூத்த மலை, மண்ணுக்குள்ள அழுந்திக் கிடக்குங்கறது ஊர் நம்பிக்கை.

சரி, பச்சைக் குழந்தைக்கு யாராவது 'கிழமலை'ன்னு பேர் வைப்பாங்களா? அந்த ஊர் அம்மனுக்கே அது பிடிக்கலைன்னு ஒரு கதை இருக்கு. பசியோடு வந்த குரு நமசிவாயர், விருத்தாம்பிகையைக் கிழத்தி என்று பாடிச் சோறு கேட்டாராம். "கிழவியால சோறு கொண்டு வர முடியுமா?" என்று கேட்டாளாம் அம்மன். அவர் இளமையாகப் பாடியதும் சின்னப் பெண்ணாக வந்தாளாம். கோயிலில் பாலாம்பிகை சன்னதியும் இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

பெற்றவர்கள் கணக்கு வேறு. பழையது என்றால் நிலைத்தது. பிள்ளையும் மலை மாதிரி நிற்கட்டும் என்று வைத்த பேராகத்தான் எனக்குப் படுகிறது. 1906இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தில் அப்படி ஒரு விருத்தாசலம் பிறந்தார். அப்பா பேர் சொக்கலிங்கம். எழுத வந்தப்போ அந்த சொ. விருத்தாசலம் தனக்கு வெச்சுக்கிட்ட பேர் என்ன தெரியுமா? புதுமைப்பித்தன்! பழசுக்கு நேர் எதிரா இதைவிட ஒரு புனைபெயர் தேட முடியாது, பாருங்க.

விருத்தகிரிக்கு சினிமா வாழ்வும் உண்டு. 2006இல் விருத்தாசலத்தில் ஜெயித்த விஜயகாந்த், 2010இல் தானே இயக்கி நடித்த படத்துக்கு 'விருதகிரி' என்றுதான் பேர் வைத்தார். இப்போ அந்தப் பேர்க்காரர்களை நண்பர்கள் சுருக்கி 'கிரி'ன்னு கூப்பிடறாங்க. மலை இருக்கு, வயசைக் காணோம்.

அதே வட்டாரத்துக்கே உரிய இன்னொரு பேர் கொளஞ்சி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல இருந்து வந்தது. அது அடுத்த எபிசோட்ல.