புரதமும் புரோட்டியோமும்

தமிழில் புரதம் என வழங்கும் பொருளுக்குப் 'புரோட்டீன்' என்ற பெயர் அமைந்தது 1838இல். ஸ்வீடன் நாட்டு வேதியியலறிஞர் பெர்சீலியஸ், முதன்மையானது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கி, நெதர்லாந்தைச் சேர்ந்த முல்டருக்குக் கடிதத்தில் எழுதினார். முட்டை வெண்கரு, குருதியை உறையச் செய்யும் ஃபைப்ரின் முதலியவற்றைப் பகுத்தாய்ந்த முல்டர், அவற்றில் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கக் கண்டு, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே பொருள் என்றும், அதனோடு சேரும் கந்தகமும் பாஸ்பரஸுமே அளவால் வேறுபடுகின்றன என்றும் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. ஒருமையை நம்பிச் சூட்டிய பெயரோ, அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோக்கப்பட்ட எண்ணிறந்த பொருள்களின் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது.

அந்தப் பன்மையை ஒருசேரக் குறிக்கும் சொல் பிறக்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1975இல் ஓ'ஃபாரல் வெளியிட்ட இருபரிமாண ஜெல் முறை, புரதங்களை முதலில் மின்னூட்ட இயல்பாலும் பின்னர் மூலக்கூற்று நிறையாலும் பிரித்து, ஈ. கோலை பாக்டீரியத்தின் ஏறத்தாழ 1,100 புரதங்களை ஒரே பரப்பில் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டியது. சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த மார்க் வில்கின்ஸ், 'புரோட்டீன்', 'ஜீனோம்' ஆகிய இரண்டையும் இணைத்துப் 'புரோட்டியோம்' என்ற சொல்லை ஆக்கி, 1994இல் இத்தாலியின் சியனாவில் நடந்த அறிவியல் கூட்டத்தில் முன்வைத்தார். ஒரு ஜீனோம், அதாவது மரபணுத்தொகை, உருவாக்கும் புரதங்கள் அனைத்தும் என்பது அதன் பொருள்.

இந்த இணைப்பு அழகியதே எனினும், ஜீனோமின் நிலைத்தன்மை புரோட்டியோமுக்கும் உண்டு என எண்ண இடமளிக்கிறது. உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மரபணுத்தொகை ஒன்றே. புரதத்தொகையோ உயிரணுவுக்கு உயிரணு, பருவத்துக்குப் பருவம் மாறுவது. கருவில் வளரும் குழந்தையின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலிகளோடு காமா சங்கிலிகள் இணைந்திருக்க, பிறந்த சில மாதங்களில் அவற்றின் இடத்தைப் பீட்டா சங்கிலிகள் பெரும்பாலும் பெற்றுவிடுகின்றன. இரண்டுக்குமுரிய மரபணுக்கள் தொடக்கம் முதலே உள்ளவை; மாறியது அவற்றின் வெளிப்பாடு, அதாவது மரபணுவில் உள்ள குறிப்பு புரதமாக உருப்பெறும் அளவு.

இந்த அளவை, மரபணுவுக்கும் புரதத்துக்கும் இடைநிற்கும் தூது ஆர்.என்.ஏ.வைக் கொண்டு முழுமையாகக் கணிக்க இயலாது. ஈஸ்ட்டைப் பற்றி 1999இல் வெளியான ஆய்வொன்றில், தூது ஆர்.என்.ஏ. ஒத்த அளவில் இருந்தும் சில மரபணுக்களின் புரத அளவு 20 மடங்குக்கு மேல் வேறுபட்டது. எனவே புரதத்தையே நேரில் அளக்க வேண்டியிருக்கிறது. ஃபென், தனாகா ஆகியோருக்கு 2002இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த, பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அயனிகளாக்கும் முறைகள் அதற்கு வழிவகுத்தன. அளந்ததை எழுதும்போது வெறுமனே 'மனிதப் புரோட்டியோம்' என்று நிறுத்தாமல், எந்தத் திசுவினது, எந்த நிலையில் எடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.