ஜேபெக் எதை விட்டுவிடுகிறது?

1972ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு ஒரு நல்கை விண்ணப்பம் சென்றது. விண்ணப்பித்தவர் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது. பெங்களூரில் பிறந்து, இன்று விசுவேசுவரய்யாவின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்நகரப் பொறியியல் கல்லூரியில் 1961இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்கா சென்றவர். கொசைன் உருமாற்றம் என்னும் கணித முறையை ஆராய அவர் நிதி கோரியிருந்தார். கருத்து மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எண்ணினார், நல்கை மறுக்கப்பட்டது. எளிமையைக் குறையாகக் கொள்ளும் வழக்கம் நல்கைக் குழுக்களிடம் இன்றும் அருகிவிடவில்லை.

அகமது 1973ஆம் ஆண்டுக் கோடையில் நல்கையின்றியே பணியைத் தொடர்ந்தார். அவருடைய ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜனும், ஆர்லிங்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கே. ஆர். ராவும் உடனிருந்தனர். ராவ் 1952இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மூவரின் பெயரிலும் 1974 ஜனவரியில் வெளிவந்த கட்டுரை சில பக்கங்களே கொண்டது. இன்று ஒருவர் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் நிழற்படம் ஜேபெக் கோப்பாக இருக்குமானால், அதன் உள்ளே இயங்குவது அக்கட்டுரையின் கணிதமே.

அதன் உள்ளீட்டை இவ்வாறு விளக்கலாம். படம் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 மதிப்புகளும் வேறு 64 எண்களாக மாற்றி எழுதப்படுகின்றன. முதல் எண் கட்டத்தின் சராசரி ஒளியைச் சொல்லும். அடுத்து வருபவை மெல்ல மாறும் ஒளிநிழலையும், கடைசியில் வருபவை மிக நுண்ணிய கோடுகளையும் புள்ளிகளையும் சொல்லும். இந்த மாற்றத்தில் எதுவும் இழக்கப்படுவதில்லை. எண்களைத் திருப்பினால் படம் மீண்டும் கிடைத்துவிடும். இழப்பு அடுத்த படியில்தான் நேர்கிறது. ஒவ்வோர் எண்ணும் ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுக்கப்பட்டு முழு எண்ணாக்கப்படுகிறது. நுண்விவரம் தாங்கிய எண்கள் பெரும்பாலும் சிறியவை. ஆகவே அவை சுழியாகிவிடுகின்றன. சுழிகளின் நீண்ட வரிசையைச் சுருக்கிச் சேமிப்பது எளிது. படத்தொகுப்பு மென்பொருளில் ‘தரம்’ என்ற பெயரில் காணும் நகர்த்தி மாற்றுவது இவ்வட்டவணையைத்தான். அதில் வரும் 80 என்பது நூற்றுக்கு எண்பது பங்கு படம் எஞ்சியிருக்கிறது என்று பொருள்படாது. ஒரு மென்பொருளின் அளவுகோல் 12இல் முடியும், இன்னொன்றினுடையது 100இல் முடியும். இரண்டையும் நேராக ஒப்பிட இயலாது.

1986இல் கூடிய நிபுணர் குழுவின் உழைப்பு 1992இல் ஜேபெக் தரநிலையாக நிறைவெய்தியது. அக்காலத்துத் தேவையை மறந்து அதனைக் குறைகூறுவது நேர்மையாகாது. இந்தியாவில் விஎஸ்என்எல் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தொலைபேசி வழி இணைப்பின் வேகம் நொடிக்கு 9,600 பிட். 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட வண்ணப்படம் சுருக்கப்படாமல் 23 லட்சம் பைட்டுக்கு மேல் இடங்கொள்ளும். அவ்வேகத்தில் அது வந்துசேர அரைமணி நேரத்துக்கும் மேலாகும். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் மூன்று நிமிடத்துச் சொச்சம்.

இந்தச் சுருக்கத்தில் பெரும்பாலோர் கவனிக்காத இன்னொரு கூறு நிறம் பற்றியது. மனிதக் கண் ஒளிர்வின் வேறுபாட்டைக் கூர்மையாகவும், நிறத்தின் வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணர்கிறது. ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனிக் குறிகைகளாகப் பிரிக்கும் முறைக்கு பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் வலென்சி 1938இலேயே காப்புரிமை கோரினார். வண்ண ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியிலும் காணச் செய்வதே அவருடைய நோக்கம். அப்பிரிவினையை ஜேபெக் சிக்கனத்துக்குப் பயன்படுத்துகிறது. ஒளிர்வு முழுமையாக வைக்கப்படுகிறது. நிறமோ பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற அளவில் சராசரியாக்கப்படுகிறது. சில மென்பொருள்கள் இதனைத் தனித் தேர்வாகக் காட்டும். சில, பயனரிடம் கேட்காமலேயே முடிவுசெய்துவிடும். திருத்தித் திருத்தி அதே கோப்பில் சேமிக்கும்போது இவ்விழப்புகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன.

இழப்பற்ற வடிவங்களும் அதே காலத்தில் இருந்தன. ஆல்டஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட டிஃப் அவற்றுள் ஒன்று. அந்நிறுவனம் 1994இல் அடோபியுடன் இணைந்தது. ஜிஃப் வடிவத்தின் சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கோரியதால் எழுந்த சினத்தில் 1995இல் பிறந்தது பிஎன்ஜி.

நிற அமைப்புகளின் வரலாறு இன்னும் விந்தையானது. சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40 என்று கோப்பு சொன்னால், அது எந்தச் சிவப்பு என்பதை எண் தானே சொல்வதில்லை. திரைக்குத் திரை அது மாறும். ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி, அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரையின் இயல்பை ஒட்டி ஒரு பொதுப் பொருளை வகுத்தது. 1998இல் ஃபோட்டோஷாப் 5.0 வெளிவந்தபோது அடோபி பொறியாளர்கள் அதைவிட அகன்ற நிறவெளி ஒன்றைச் சேர்த்தனர். தொலைக்காட்சித் தரநிலை ஆவணம் ஒன்றிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட மதிப்புகள் உண்மையான தரநிலைக்குரியவை அல்ல. படியெடுத்தபோது சிவப்பின் மதிப்பிலும் பிழை நேர்ந்தது. பிழை தெரியவந்த காலத்தில் பலரும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். ஆகவே பிழையை அப்படியே நிறுத்தி, பெயரை மட்டும் ‘அடோபி ஆர்ஜிபி 1998’ என்று மாற்றினர். ஏடெழுதுவோர் பிழை மூலபாடமாக நிலைபெறுவதைக் கண்டிருக்கும் சுவடியியலாளர்க்கு இது வியப்பளிக்காது.

அகன்ற நிறவெளியில் சேமித்த படத்திலிருந்து நிறக்குறிப்பு நீங்கிவிட்டால், பிற மென்பொருள் அதனை எஸ்ஆர்ஜிபி என்றே கொள்ளும். நிறங்கள் வெளிறித் தோன்றும். இங்கு இரு கட்டளைகளைப் பிரித்தறிய வேண்டும். குறிப்பை ‘ஒதுக்குதல்’ எண்களை அப்படியே வைத்து அவற்றின் பொருளை மாற்றுகிறது. ‘மாற்றுதல்’ நிறத்தை இயன்றவரை காத்து எண்களை மாற்றுகிறது. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொடுக்கிச் சேமித்துவிட்டால், மூலத்தை நேரில் காணாதவர் அதனைக் கண்டுபிடிப்பது அரிது.

இதனால் விளையும் கேட்டினை இந்தியக் கைப்பிரதிகளில் தெளிவாகக் காணலாம். மேற்கு, வட இந்தியத் தாள் சுவடிகளில் எழுதுவோர் பிழையான எழுத்தின்மேல் அரிதாரம் என்னும் மஞ்சள் கனிமக் குழம்பைத் தீற்றி மறைப்பது வழக்கம். இயல் முடிவுகளையும் நிறுத்தங்களையும் செந்நிறம் காட்டும். பழுத்த தாளின்மேல் மெல்லிய மஞ்சள் தீற்றல் ஒளிர்வில் அதிகம் வேறுபடாது, நிறத்தில்தான் வேறுபடும். அதாவது ஜேபெக் எதனை முதலில் சிக்கனப்படுத்துகிறதோ, அதில்தான் திருத்தத்தின் சான்று இருக்கிறது. பாடவேறுபாடு ஆராய்பவருக்கு எழுத்தர் எங்கே தயங்கினார், எதனை அழித்தார் என்பதே முதன்மையான தடயம். அழுத்திச் சுருக்கிய படத்தில் அத்தீற்றலின் விளிம்பு கரைந்து, தாளின் கறையாகவே படிக்கப்படலாம். பின்னர் பதிப்பில் ‘திருத்தமில்லை’ என்று குறிப்பு ஏறும்.

படமெடுப்போர் சட்டகத்துக்குள் நிற அட்டை ஒன்றை வைத்து, மூலக்கோப்பை டிஃப் வடிவில் நிறக்குறிப்புடன் காத்து, பார்வைக்கென மட்டும் ஜேபெக் படி எடுப்பது நல்ல ஆவணக் காப்பகங்களின் நடைமுறை. ஆனால் தொலைவில் இருக்கும் ஆய்வாளர் கைக்கு வருவது பெரும்பாலும் அப்பார்வைப் படியே. ஏடு முழுவதற்கும் மூலக்கோப்பு கேட்டால் காப்பகங்கள் தயங்கும். ஐயம் எழுந்த ஒரு பக்கத்துக்கு மட்டும், பக்க எண்ணைக் குறிப்பிட்டு, டிஃப் கோப்பைக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது.